விழித்திருக்கும்போதே வில்லாய் வளையும் பிள்ளை: கடும் டிஸ்டோனியாவில் நாங்கள் பார்த்தவை

குழந்தை நல மருத்துவர், காரைக்குடி:
கோடை விடுமுறையில் மூளைவாதம் உள்ள பிள்ளையை ஆயா வீட்டுக்குக் கூட்டி வருவார்கள். தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோஃபென் மருந்து பாட்டில் சென்னையிலேயே தங்கிவிடும். சில வேளை மருந்து தவறி, கூடவே காய்ச்சலோ மலச்சிக்கலோ பல்வலியோ சேர்ந்தால் போதும். கழுத்து பின்னால் இழுக்கும், முதுகு வளையும், கை முறுக்கும், விட்டு விட்டு வந்தது விடாமல் வரும். தசைகள் தாமாகவே இறுகி உடம்பை முறுக்கும் இதுதான் டிஸ்டோனியா. வலிப்பு என்று நினைத்து வலிப்பு மருந்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவதில் நேரம் போய்விடுகிறது. பிள்ளையின் முகத்தைப் பாருங்கள், நினைவு தப்பியிருக்காது. அம்மாவைத் தேடும், பேர் சொன்னால் கண் திரும்பும், வலியில் அழும். அயர்ந்து தூங்கினால் முறுக்கு அடங்கும். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு போடவே கூடாது, அதுவே டிஸ்டோனியாவைக் கிளப்பும். ஆன்டான்செட்ரான் போதும்.

தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர், மதுரை:
உயிருக்கு ஆபத்து தசைச் சிதைவிலும் மூச்சிலும் இருக்கிறது. சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் வந்தால், பட்டைச் சோதனையில் ரத்தம் என்று காட்டியும் நுண்ணோக்கியில் சிவப்பணு இல்லையென்றால், அது சிதைந்த தசையிலிருந்து வரும் மயோகுளோபின் புரதம். சிறுநீரகம் அடுத்துப் பாதிக்கும். சிகே (தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி), பொட்டாசியம், கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனைகளை உடனே அனுப்புங்கள். சிகே ஆயிரத்தைத் தாண்டினால் சிரைவழித் திரவத்தைத் தாமதிக்காதீர்கள். நிறம் மாறாவிட்டாலும் சிகே பார்க்க வேண்டும், நிறம் பிந்தித்தான் மாறும்.

முதல் வேலை தூங்க வைப்பது. மிடாசோலம் தொடர் சொட்டாக, மணிக்குக் கிலோவுக்கு 30 முதல் 100 மைக்ரோகிராம். மூச்சைத் தாங்கும் வசதி பக்கத்தில் இருக்க வேண்டும். அமைதிப்படுத்தும் குளோனிடின் மருந்தை மூக்குக் குழாய் வழியே, கிலோவுக்கு 3 மைக்ரோகிராமில் தொடங்கலாம்; இது மூச்சை அவ்வளவாக அடக்காது என்பதால் எனக்குப் பிடித்த மருந்து, ஆனால் நாடியும் ரத்த அழுத்தமும் இறங்கும். தவறிய பேக்லோஃபெனையும் அதே குழாயில் திரும்பத் தொடங்குங்கள். இது மறந்துபோனால் மற்றதெல்லாம் அரைகுறைதான். மூச்சுப் பாதையில் குழாய் போட்டு மூச்சுக்கருவியில் வைக்க நேர்ந்தால், தசையைத் தளர்த்தப் போடும் சக்சினைல்கோலின் வேண்டாம்: சிதைந்த தசையிலிருந்து ஏற்கெனவே பொட்டாசியம் கொட்டிக்கொண்டிருக்கும், இதயம் நின்றுபோகலாம்.

இதற்கும் அடங்காத பிள்ளைக்கு மூளையின் குளோபஸ் பாலிடஸ் பகுதியில் மின்தூண்டல் அறுவை உண்டு. நாளைக் கடத்தாமல் அந்த வசதி உள்ள நரம்பியல் மையத்துடன் பேசுங்கள்.

இயன்முறை மருத்துவர், தேவகோட்டை:
வீட்டில் கை காலைப் பிடித்து நேராக்காதீர்கள். இழுக்க இழுக்க முறுக்கு கூடும், எலும்பும் முறியலாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, முதுகுக்குத் தலையணை கொடுங்கள். வெளிச்சத்தையும் பேச்சையும் குறையுங்கள். டிஸ்டோனியாவுக்கு டிரைஹெக்சிபெனிடில் மருந்து சாப்பிடும் பிள்ளைக்கு வியர்வை குறையும். கத்திரி வெயிலில் உடம்பு சட்டென்று கொதிக்கும். ஈரத்துணியும் விசிறியும் வையுங்கள். முறுக்கும்போது வாயில் எதுவும் ஊட்டாதீர்கள். 108-ஐ அழைத்து மருந்துச் சீட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி வேளை மருந்து எப்போது கொடுத்தது, சிறுநீர் கடைசியாக எப்போது போனது, இந்த இரண்டையும் அதன் பின்பக்கத்தில் எழுதிவிடுங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டு வயிறு உப்பியிருந்தால் அந்த வலியே முறுக்கைக் கிளப்பும். குழாய் போட்டு வெளியேற்றியதும் முறுக்கு தளர்வது உண்டு.