வி.ஏ. எமர்ஜென்சியில் தப்பு நடந்து நஷ்டஈடு கேட்டு கிளெய்ம் போட்டவர்கள் இருக்கிறீர்களா?

வடைச்சட்டி (ஒஹாயோ):

என் வீட்டுக்காரர் 22 வருடம் ஆர்மியில் இருந்து ரிடயர் ஆனவர். பத்தரை மாதத்துக்கு முன்பு ஒரு ராத்திரி நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றார். வி.ஏ. (முன்னாள் ராணுவத்தினருக்கான அமெரிக்க அரசுத் துறை) ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஒரு ஈசிஜி எடுத்தார்கள், வாயுத் தொந்தரவு என்று மாத்திரை கொடுத்து 2 மணிக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மதியம் வேறு ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைக்க வேண்டியதாயிற்று. அதற்குள் இதயத் தசை நிறைய செத்துப்போயிருந்தது. இப்போது மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. முதல் ராத்திரி ரத்தத்தில் ட்ரோபோனின் (மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் டெஸ்ட்) பார்க்கவே இல்லை என்பது பிற்பாடு ரெக்கார்டு வாங்கிப் படித்தபோதுதான் தெரிந்தது.

"நானே யூனிஃபார்ம் போட்டவன், சர்க்கார் மேல் கேஸ் போடுவேனா?" என்கிறார் அவர். எனக்கு மனசு ஆறவில்லை. கிளெய்ம் போட இரண்டு வருடம் இருக்கிறது என்றார்கள். அவர் உடம்பு தேறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருக்கிறேன். இந்த வழியில் போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.

பழைய சிப்பாய் (ஜார்ஜியா):

நான் போய் வந்தவன். கெண்டைக்காலில் வீக்கத்தோடு போனேன், தசைப்பிடிப்பு என்றார்கள். ஒன்பதாம் நாள் ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறிவிட்டது.

நேரே கோர்ட்டுக்குப் போக முடியாது. ஸ்டாண்டர்டு ஃபார்ம் 95 என்று ஒன்று உண்டு, முதலில் அதை வி.ஏ.வுக்குக் கொடுக்க வேண்டும். அதில் 12-ஆம் கட்டம்தான் வில்லங்கம். எவ்வளவு கேட்கிறோம் என்று டாலரில் திட்டமாக ஒரு தொகை எழுத வேண்டும். "பின்னர் தெரிவிக்கப்படும்" என்றெல்லாம் எழுதினால் செல்லாது. நான் கூச்சப்பட்டு 60,000 என்று எழுதித் தொலைத்தேன். கோர்ட்டுக்குப் போனபோது வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். புதிதாக ஏதும் தெரியவந்தால் ஒழிய, ஃபார்மில் எழுதிய தொகைக்கு மேல் கேட்க முடியாதாம்.

ஆறு மாதம் பதிலே வரவில்லை. ஆறு மாதம் தாண்டினால் மறுத்துவிட்டதாக எடுத்துக்கொண்டு ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகலாம். மறுப்புக் கடிதம் வந்துவிட்டால், அது தபாலில் போன நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போயாக வேண்டும். ஜூரி கிடையாது, நீதிபதி ஒருவரே எல்லாம். தண்டனையாகப் போடும் கூடுதல் நஷ்டஈடும் கிடையாது. வக்கீல் கூலிக்குச் சட்டமே வரம்பு போட்டிருக்கிறது: கோர்ட்டுக்கு முன்னால் முடிந்தால் 20 சதவீதம், கோர்ட்டில் என்றால் 25. எனக்கு விசாரணைக்கு முந்தின வாரம் சமரசம் ஆனது. கையில் வந்தது ஒரு பழைய டிரக் வாங்கும் அளவுக்குத்தான்.

நைட் ஷிப்ட் நர்ஸ் (கலிஃபோர்னியா):

அக்கா, இரண்டு வருடம் இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். உங்களிடம் ஒரே கேள்வி. அன்று ராத்திரி பார்த்த டாக்டர் வி.ஏ. சம்பளக்காரரா, காண்ட்ராக்டில் வந்தவரா?

பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கோட்டும் பேட்ஜும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆறு வருடம் எமர்ஜென்சியில் கூட நின்ற எனக்கே யார் எந்தப் பட்டியல் என்று தெரியாது. ராத்திரி ஷிப்டுக்கு வெளி கம்பெனி மூலம் ஆள் எடுப்பது சகஜம். 1946-இல் வந்த ஃபெடரல் டார்ட் கிளெய்ம்ஸ் சட்டம் அரசு ஊழியர் செய்த தப்புக்குத்தான் அரசைப் பொறுப்பாக்குகிறது. காண்ட்ராக்டர் அதில் வரமாட்டார். அவர் மேல் மாநிலச் சட்டப்படிதான் போக வேண்டும், அங்கே மாநிலத்தின் கெடு. ஒஹாயோவில் மருத்துவக் கேஸுக்கு அது ஒரே வருடம். உங்களுக்குப் பத்தரை மாதம் போய்விட்டது.

பிரையன் டாலி என்று ஒரு முன்னாள் மரீன். 2016-இல் இங்கே கலிஃபோர்னியாவில் தாங்க முடியாத முதுகுவலியோடு வி.ஏ. எமர்ஜென்சிக்குப் போனார். சுளுக்கு என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். உண்மையில் முதுகெலும்பை அரித்துக்கொண்டிருந்தது ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா கிருமி. ஃபார்ம் 95 கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். அந்த டாக்டர் எங்கள் ஊழியர் இல்லை, காண்ட்ராக்டர் என்று வி.ஏ. சொன்னபோது மாநிலக் கெடு முடிந்திருந்தது. இரண்டு கதவும் மூடிவிட்டது. மனுஷன் விடவில்லை, வாஷிங்டனுக்கு நடையாய் நடந்தார். அவர் பெயரிலேயே ஒரு சட்டம் வந்து 2021 ஜனவரியில் கையெழுத்தானது. கிளெய்ம் கொடுத்த 30 நாளுக்குள், அதில் குறிப்பிட்டவர் ஊழியரா காண்ட்ராக்டரா என்று வி.ஏ. சொல்லியாக வேண்டும். எனவே ஃபார்மில் டாக்டர் பெயரை மறக்காமல் எழுதுங்கள். ஆனால் அந்த 30 நாளை நம்பி உங்கள் மிச்ச ஆறு வாரத்தைக் கரைக்காதீர்கள், இன்றைக்கே வக்கீலுக்குப் போன் போடுங்கள்.

மாவ்னி தம்பி (வட கரோலினா):

தமிழ் தெரியும் என்பதற்காகவே, தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரை எடுத்த மாவ்னி திட்டத்தில் ஆர்மியில் சேர்ந்தவன் நான். நம்ம மொழியும் அந்தப் பட்டியலில் இருந்தது. சர்வீஸில் இருக்கும்போதே ராணுவ ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் என் அப்பெண்டிக்ஸை வயிற்றுப்போக்கு என்று சொல்லி, அது வெடித்து, 19 நாள் படுக்கை.

எனக்கு மேலே சொன்ன எந்தக் கோர்ட்டும் கிடையாது. காரணம் 1950-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் கொடுத்த ஃபெரெஸ் தீர்ப்பு. சர்வீஸில் இருப்பவருக்கு அந்த சர்வீஸ் தொடர்பாக ஏற்பட்ட காயத்துக்கு அரசு மேல் வழக்குப் போட முடியாது. அந்தத் தீர்ப்பில் சேர்த்து விசாரிக்கப்பட்ட ஒரு கேஸில், ஆபரேஷன் செய்துகொண்ட சிப்பாயின் வயிற்றிலிருந்து பிற்பாடு 30 அங்குல நீள டவல் ஒன்று எடுத்தார்கள். ஆர்மி மருத்துவப் பிரிவின் முத்திரையோடு! அவருக்கே ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் என் அப்பெண்டிக்ஸ் எந்த மூலைக்கு?

2019 டிசம்பரில் ஒரு வாசல் திறந்தது. சிறப்புப் படையைச் சேர்ந்த ரிச்சர்ட் ஸ்டேஸ்கலின் நுரையீரல் புற்றுநோயை ராணுவ ஆஸ்பத்திரியில் தவறவிட்டார்கள். அவர் போராடியதில் வந்த மாற்றம் அது. இப்போது நாங்களும் கிளெய்ம் கொடுக்கலாம். அதே இரண்டு வருடம்தான். ஆனால் தீர்மானிப்பது பாதுகாப்புத் துறையே, அப்பீலும் அவர்கள் போர்டிடமே. மாமியார் உடைத்தால் மண்குடம் கதைதான். போட்டேன், "சிகிச்சை தரத்துக்குக் குறைவில்லை" என்று இரண்டு பக்கக் கடிதம் வந்தது. அப்பீல் போயிருக்கிறேன்.

அக்கா, உங்களவர் ரிடயர் ஆனபிறகு நடந்ததால் ஃபெரெஸ் குறுக்கே வராது. அந்த விஷயத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

ஜெர்மனியில் வளர்ந்தவள்:

என் தம்பிக்கு நடந்தது அங்கே அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரியில். வெளிநாட்டில் நடந்தால் டார்ட் கிளெய்ம்ஸ் சட்டம் செல்லாது. மிலிட்டரி கிளெய்ம்ஸ் சட்டம் என்று தனி வழி, அதற்கும் இரண்டு வருடம், கோர்ட் கிடையாது. அப்பாவுக்கு இது தெரிந்தபோது மூன்று வருடம் ஆகியிருந்தது.

பழைய சிப்பாய் (ஜார்ஜியா):

ஒன்று விட்டுப்போச்சு. அண்ணாச்சிக்குக் கேஸ் என்றாலே பிடிக்கவில்லை என்றால் 1151 கிளெய்மைப் பற்றிச் சொல்லுங்கள். அது வி.ஏ.வின் சொந்த உதவித்தொகை வழி. வி.ஏ. சிகிச்சையில் வந்த கூடுதல் ஊனத்தை சர்வீஸில் வந்ததுபோலவே கணக்கிட்டு மாதாமாதம் கொடுப்பார்கள். அங்கேயும் தப்பையோ, முன்கூட்டி எதிர்பார்த்திருக்க முடியாத விளைவையோ காட்டித்தான் ஆக வேண்டும், ஆனால் விண்ணப்பிக்கக் கெடு இல்லை. இரண்டும் போடலாம், ஆனால் இரண்டையும் முழுசாக வாங்க முடியாது. கேஸில் வந்த பணத்துக்கு ஈடாகும் வரை மாதத்தொகையை நிறுத்திவைப்பார்கள்.

வடைச்சட்டி (ஒஹாயோ):

எல்லோருக்கும் நன்றி. நர்ஸ் தங்கை எழுதியதைப் படித்த அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. காலையில் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு டாக்டர் யார் சம்பளம் வாங்குகிறார் என்று கேட்டேன். மூன்று இடத்துக்கு மாற்றிவிட்டு, கடைசியில் லைன் கட்டாகிவிட்டது.

வக்கீலைப் பார்த்தாயிற்று. ஒஹாயோவில் ஒரு வருடம் முடிவதற்குள் டாக்டருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துவிட்டால், அந்த நாளிலிருந்து 180 நாள் கிடைக்குமாம். காண்ட்ராக்டராக இருந்தாலும் இருக்கட்டும் என்று நோட்டீஸ் போய்விட்டது. ஃபார்ம் 95-உம் போய்விட்டது. 12-ஆம் கட்டத்தில் நான் வாயே திறக்கவில்லை, தொகையை வக்கீலே எழுதினார்.

கையெழுத்து போடமாட்டேன் என்று இவர் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் போட்டார். பழக்கதோஷத்தில் பெயருக்கு முன்னால் ரேங்கையும் சேர்த்து எழுதிவிட்டார். வக்கீல் ஒன்றும் சொல்லாமல் அப்படியே கவரில் வைத்துவிட்டார்.

30 நாளில் பதில் வருகிறதா பார்க்கிறேன். வந்ததும் இங்கே எழுதுகிறேன்.