கற்கோட்டை இல்லாத ஸ்ரீவிஜயம் பேரரசுதானா?

தெம்பனிஸ் வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். இராஜேந்திர சோழன் 1025ஆம் ஆண்டு வாக்கில் கடல் கடந்து வந்து ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் (இன்றைய மலேசியாவின் கெடா) வென்றதைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆனால், தோற்ற அந்த நாட்டில் என்னதான் இருந்தது என்று உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் மகள் கேட்டபோது என்னால் விளக்க முடியவில்லை. சுமத்ராவின் பலேம்பாங்தான் அதன் தலைநகர் என்கிறார்கள். தஞ்சையைப் போன்ற கற்றளியோ கம்போடியாவின் அங்கோரைப் போன்ற பெருங்கட்டடங்களோ அங்கே இல்லை. அப்படியிருக்க, எதை ஆதாரமாகக் கொண்டு அதைப் பேரரசு என்கிறார்கள்?

ஈசூன் வாசகர்:
ஐயா, கட்டடங்களைத் தேடினால் ஸ்ரீவிஜயம் அகப்படாது. பலேம்பாங்கின் மூசி ஆற்றங்கரையில் மரத்தாலும் மூங்கிலாலும் எழுப்பப்பட்ட ஊர், ஈரமும் வெள்ளமும் மிகுந்த அந்நிலத்தில் மக்கிப் போய்விடும். 1918ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செதேஸ் கல்வெட்டுகளையும் சீனக் குறிப்புகளையும் இணைத்துப் பார்த்துச் சொல்லும்வரை, இப்படியோர் அரசு இருந்ததையே வரலாற்றுலகம் மறந்திருந்தது.

பலேம்பாங்கில் கிடைத்த தெலாகா பத்து கல்வெட்டைப் பற்றி மகளுக்குச் சொல்லுங்கள். கல்லின் உச்சியில் ஏழு தலை நாகம் படமெடுத்து நிற்கிறது. அடியில் நீர் வடிய ஒரு தூம்பு செதுக்கப்பட்டிருக்கிறது. எழுத்துகளின் மேல் ஊற்றி வழிந்த நீரைக் குடித்து, அரசனுக்குத் துரோகம் செய்தால் அந்தச் சாபமே தங்களைக் கொல்லட்டும் என்று பணியாளர்கள் சூளுரைத்ததாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். கல்வெட்டு அடுக்கும் அந்தப் பணியாளர் வரிசையில் இளவரசர், நீதிபதி, படைத்தலைவர் மட்டுமின்றிக் கப்பல் தலைவர், வணிகர், எழுத்தர், அரசனின் வண்ணார் வரை இடம்பெறுகின்றனர். இத்தனை வகைப் பணியாளர்களை வைத்திருந்து, அவர்களில் எவரையும் முழுதாக நம்பாத ஓர் அரசு, சிற்றூர்த் தலைவன் ஒருவனின் ஆட்சியாக இருந்திருக்க முடியாது என்பதே என் கருத்து.

பிடோக் வாசகர்:
பானையோடுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1974ஆம் ஆண்டு பலேம்பாங்கில் ஆய்ந்த அமெரிக்கக் குழு, போதிய பழந்தடயங்கள் கிடைக்காததால், தலைநகர் அங்கே இருந்ததையே ஐயுற்றது. பிந்தைய அகழாய்வுகளில் 8, 9ஆம் நூற்றாண்டுகளின் சீன மட்கல ஓடுகள் வெளிப்பட்ட பிறகே அந்த ஐயம் தளர்ந்தது.

அக்காலக் கடல் வணிகத்தின் அளவை அறிய, மகளைச் சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அரும்பொருளகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். 1998ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கண்டறியப்பட்ட கப்பலின் சரக்கு அங்கே உள்ளது. பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்துக் கட்டிய அக்கப்பலில் ஏறத்தாழ 60,000 மட்கலங்கள் இருந்தன; ஒரு கிண்ணத்தில் 826ஆம் ஆண்டுக்குரிய தேதி பொறிக்கப்பட்டுள்ளது. சீனாவின் சாங்ஷாவில் செய்த கிண்ணங்களைப் பெரிய சாடிகளுக்குள் சுருள் சுருளாக அடுக்கி அனுப்பியிருக்கிறார்கள். இத்தகைய சரக்கு கடந்து செல்லும் நீர்வழியின் வாயிலில் அமர்ந்திருந்த அரசுக்குக் கற்கோட்டையைவிடத் துறைமுகமும் மாலுமிகளின் விசுவாசமுமே பெரிது.

தெம்பனிஸ் வாசகர்:
இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால், 1025க்குப் பிறகு அந்நாடு சோழப் பேரரசோடு இணைந்துவிட்டது என்று கொள்ளலாமா?

ஈசூன் வாசகர்:
நம்மில் பலர் அப்படித்தான் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் நம் செப்பேடுகளே அதற்கு இடம் தரவில்லை. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய புத்த விகாரத்திற்கு இராஜராஜன் ஆனைமங்கலத்தின் வருவாயை வழங்கியதை, நெதர்லாந்தின் லைடன் நகரின் பெயரால் அழைக்கப்படும் இரு செப்பேடுகளில் பெரியது கூறுகிறது. இது போருக்கு முந்தைய நட்பு. போர் நடந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1090ஆம் ஆண்டளவில் வெளியிடப்பட்ட சிறிய செப்பேடோ, கடாரத்து அரசன் (சோழர் ஆவணங்கள் ஸ்ரீவிஜய அரசனை இப்படியும் அழைக்கின்றன) அனுப்பிய தூதர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, முதலாம் குலோத்துங்கன் விகாரத்து ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்ததைப் பதிவுசெய்கிறது. தன் அரசை இழந்தவன் இவ்வாறு தூதர் அனுப்பியிருக்க மாட்டான். ஏறக்குறைய அதே காலத்தில், 1088ஆம் ஆண்டு, சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸ் அருகே ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் தமிழில் கல்வெட்டு நாட்டியிருக்கிறார்கள். படை திரும்பிய பிறகும் அக்கடலில் தமிழர் தொடர்பைத் தாங்கியவர்கள் வணிகர்களே.