பட்டறை டின்னில் இருந்தது சி.டி.சி.தான்

செந்தூல்காரன்:
நேற்று இந்த மன்றத்தில் வேறோர் இழையில் பிரிக்ஃபீல்ட்ஸ் பையன் என்பவர் இப்படி எழுதியிருந்தார்: "அந்தக் காலத்துப் பட்டறைக்காரர்கள் என்ன மருந்து என்றே தெரியாமல் கையை விட்டுக் கழுவினார்கள். விவரம் இல்லாதவர்கள்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. என் அப்பா கோலாலம்பூர் செந்தூலில் டைனமோ, ஸ்டார்ட்டர் கட்டுகிற பட்டறை வைத்திருந்தார். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த டின்னில் என்ன இருக்கிறது என்று சொல்லுவார். மண்ணெண்ணெய் கீழே, தின்னர் நடுவில், மேல் தட்டில் சி.டி.சி., அதாவது கார்பன் டெட்ராகுளோரைடு. கரி அப்பிய செம்புக் கம்பிக் காயிலை மடியில் வைத்துக்கொண்டு, பிரஷ்ஷை அதில் தொட்டுத் தடவுவார். பிசுக்கு கறுப்பாக வடியும். வாயால் இரண்டு தடவை ஊதுவதற்குள் காய்ந்து, உள்ளே செம்பு புதுசு மாதிரி தெரியும். இனிப்பான ஒரு வாசனை வரும். தீக்குச்சியைக் கிழித்துப் போட்டாலும் பற்றாது. சனிக்கிழமை கணக்கு முடித்து ஒரே ஒரு கிளாஸ் பீர் குடித்தாரானால் முகமும் கழுத்தும் திட்டுத் திட்டாகச் சிவந்துவிடும், ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். 81 வயது வரை இருந்தார். இன்றைக்கு விற்கிற ஆரஞ்சு வாசனைத் தண்ணீரில் எந்தப் பிசுக்கு போகிறது, சொல்லுங்கள்?

பிரிக்ஃபீல்ட்ஸ் பையன்:
அண்ணே, உங்கள் அப்பாவை நான் சொல்லவில்லை. சி.டி.சி. கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பழைய பித்தளைத் தீயணைப்பான்களில் அதைத்தான் அடைத்து வைத்தார்கள். ஆனால் சூடான இரும்பில் பட்டால் ஃபாஸ்ஜீன் வாயு வரும். முதல் உலகப்போரில் ஆட்களைக் கொன்ற அதே வாயு. ஓசோனையும் அரிப்பதால் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் சேர்த்து, நம்மைப் போன்ற நாடுகள் 2010க்குள் நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்தார்கள். இதெல்லாம் விஷம் இல்லையா?

செந்தூல்காரன்:
பார்த்தீர்களா, அவர் வாயாலேயே வந்துவிட்டது. தீயணைப்பானில் ஊற்றியது சி.டி.சி. எங்கள் டின்னும் தீப்பற்றவில்லை. அப்படியானால் அது சி.டி.சி. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

தீவுக்காரி:
பினாங்கிலிருந்து எழுதுகிறேன். 1970களின் கடைசியில் பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சேர்ந்தேன். அங்கே ஒரு தொட்டி இருந்தது. அடியில் மருந்து கொதிக்கும், மேலே குளிர்ந்த குழாய் சுற்றியிருக்கும், நடுவில் ஆவி பனிமூட்டம் மாதிரி நிற்கும். கம்பிக் கூடையில் சாமானை வைத்து இறக்கினால் எண்ணெயெல்லாம் வடிந்து, தூக்கும்போது உலர்ந்தே வரும். அது டிரைக்ளோர், டிரைக்ளோரோஎத்திலீன். அதுவும் இனிப்பு வாசனைதான். அறைச் சூட்டில் தீக்குச்சிக்குப் பற்றாது. தண்ணீரை விடக் கனமானது. செந்தூல் அண்ணன் சொன்ன அடையாளங்களில் ஒன்றே ஒன்றுதான் இந்த இரண்டில் அதற்கு மட்டும் உரியது: பீர் குடித்தால் முகம் திட்டுத் திட்டாகச் சிவப்பது. தொட்டியில் வேலை செய்த ஆண்களுக்கு அப்படித்தான் ஆனது. டிரைக்ளோர் ஆவி உடம்பில் இருக்கும்போது சாராயம் சேர்ந்தால் அப்படிச் சிவக்கும். ஆகவே உங்கள் டின்னில் இருந்தது டிரைக்ளோர்.

செந்தூல்காரன்:
என் அப்பாவைக் குடிகாரர் என்கிறீர்களா? வாரத்துக்கு ஒரு கிளாஸ்! பீர் குடித்தால் யாருக்குமே முகம் சிவக்கும். பினாங்கில் தொட்டி இருந்தால் கோலாலம்பூர் பட்டறையிலும் அதுதான் இருக்க வேண்டுமா? போன வருஷம் நாசி கண்டார் சாப்பாட்டைப் பற்றிய இழையிலும் இதே அக்கா, தீவில் கிடைப்பதுதான் அசல் என்று மூன்று நாள் நின்றார். நான் மறக்கவில்லை. டின்னில் இருந்தது சி.டி.சி.

தீவுக்காரி:
குடிகாரர் என்று நான் எங்கே எழுதினேன்? ஒரு கிளாஸ் போதும் என்றுதானே சொல்கிறேன். நாசி கண்டாரில் நான் சொன்னது சரி, இதிலும் சரி.

தோட்டத்துப் பிள்ளை:
நீங்கள் டின் பெயரையே பிடித்துத் தொங்குகிறீர்கள். என் அம்மா தோட்டத்தில் மருந்து அடிக்கிற வேலை பார்த்தவர். முதுகில் பம்பு, காலில் செருப்பு. டின்னில் என்ன என்று ஒருவரும் சொன்னதில்லை. பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் பெயரே எனக்கு எத்தனையோ வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அம்மாவின் கைவிரல் நகங்கள் வெளுத்து, பெயர்ந்து விழும். மூக்கில் ரத்தம் வரும். அதற்கு முந்திய தலைமுறை லாலான் புல்லுக்குச் சோடியம் ஆர்சனைட் அடித்திருக்கிறது, ஆர்சனிக் விஷம்! பாராகுவாட்டுக்கு 2002இல் தடை என்றார்கள், 2006இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி 1இல்தான் முழுசாகத் தடை வந்தது. அந்த வாசனைக்கு ஏங்குகிறேன் என்று எங்கள் லயத்தில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். டின் உங்கள் அப்பாவுடையது. எங்களுக்கு டின்னும் சொந்தமில்லை, காடும் சொந்தமில்லை.

செந்தூல்காரன்:
தம்பி, அம்மா பட்ட பாட்டுக்கு மனசு வலிக்கிறது. ஆனால் தோட்டம் வேறு, பட்டறை வேறு. எங்கள் அப்பா விவரம் தெரிந்து வாங்கி, விவரம் தெரிந்து வைத்திருந்தார். அது சி.டி.சி.

பிரிக்ஃபீல்ட்ஸ் பையன்:
அண்ணே, ஒன்று யோசியுங்கள். சி.டி.சி.யோடு சாராயம் சேர்ந்தால் கல்லீரலுக்கு நேரும் கேடு பல மடங்காகும். சி.டி.சி.தான் என்று நீங்கள் எவ்வளவு அடித்துச் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்கு உங்கள் அப்பா ஆபத்தில் இருந்தார் என்று ஆகிறது. டிரைக்ளோர் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் முதல் குழுவில் சேர்த்துவிட்டது. அக்காவும் கொஞ்சம் கவனமாகப் பேசலாம். வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? முட்டி பெயர்ந்தால் தடவிய சிவப்பு மருந்தில் பாதரசம் இருந்தது.

தீவுக்காரி:
சிவப்பு மருந்தா? எங்கள் பள்ளிக்கூடத்தில் மஞ்சள் மருந்துதான் போட்டார்கள். சட்டைக் காலரில் பட்ட கறை கடைசி வரை போகவில்லை. எனக்கு யாரும் கவனத்தைக் கற்றுத்தர வேண்டாம். அந்தத் தொட்டிப் பக்கம் நின்று தலை சுற்றி விழுந்தவள் நான்.

செந்தூல்காரன்:
மஞ்சள் மருந்து எரியாது, ஆறவும் ஆறாது. செந்தூலில் எல்லா வீட்டிலும் சிவப்பு மருந்துதான். மெர்குரோகுரோம். கண்ணாடிக் குச்சி மூடியோடு வரும்.

தோட்டத்துப் பிள்ளை:
எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இரண்டும் இல்லை, ஊதா மருந்து. உதடெல்லாம் ஊதா.

பிரிக்ஃபீல்ட்ஸ் பையன்:
கலர் சண்டையை விடுங்கள். என் மகன் பிறந்தபோது தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி என்கிற நொதி குறைபாடு என்று வந்தது. நர்ஸ் முதலில் கேட்டது, "வீட்டில் பாச்சை உருண்டை இருக்கிறதா?" பாட்டி பட்டுச் சேலைப் பெட்டியில் போட்டு வைத்த வெள்ளை உருண்டை, நாஃப்தலீன். அந்தக் குறைபாடுள்ள குழந்தைக்கு அதன் வாடை பட்டாலே ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். அன்றைக்கே பெட்டியைக் காலி செய்தோம். பாட்டி அழுதார், அந்த வாசனை போய்விட்டதே என்று. எனக்கும் அந்த வாசனை பிடிக்கும் அண்ணே. அதனால்தான் பயப்படுகிறேன்.

செந்தூல்காரன்:
பாட்டி அழுதார் அல்லவா? அதைத்தான் நானும் சொல்கிறேன். வாசனைதான் ஆளை ஞாபகப்படுத்தும். அப்பாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த இனிப்பு வாசனை. அது சி.டி.சி. வாசனை. தொட்டி, பீர் என்று ஆயிரம் சொன்னாலும் என் மூக்கு பொய் சொல்லாது. இன்னொன்றும் சொல்கிறேன். அந்த டின் இன்னும் தங்கச்சி வீட்டு ஸ்டோரில் இருக்கிறது. லேபிள் துருவோடு போய்விட்டது. ஆட்டினால் அடியில் கொஞ்சம் சலசலக்கிறது.

தீவுக்காரி:
அண்ணே, சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மூடியைத் திறக்காதீர்கள். காற்றோட்டம் இல்லாத ஸ்டோரில் திறக்கவே கூடாது. வாய்க்காலில் ஊற்றாதீர்கள், தண்ணீரை விடக் கனமானதால் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போய் நிலத்தடி நீரைக் கெடுக்கும். சுற்றுச்சூழல் இலாகாவைக் கேட்டு, முறையாக எடுத்துக்கொள்பவர்களிடம் கொடுங்கள். டிரைக்ளோர் விளையாட்டில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் பையன்:
இதில் அக்கா சொல்வது சரி. டிரைக்ளோரோ சி.டி.சி.யோ, திறக்காதீர்கள்.

செந்தூல்காரன்:
நேற்று ராத்திரியே திறந்தேன். வாசலில் வைத்துத்தான் திறந்தேன், பதற வேண்டாம். மூக்கைப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகவில்லை, தானாக வந்தது. தங்கச்சி அடுப்படியிலிருந்து "அப்பா வாசனை" என்று ஓடி வந்தாள். சி.டி.சி.தான்.

தீவுக்காரி:
அது டிரைக்ளோர் அண்ணே. மூடியை இறுக்கி மூடினீர்களா?