குவாரண்டைன் தொட்டியில் வைத்த மீன்தான் செத்தது, இனி நேரே விடலாமா?

ரெட்டைக்கோமாளி:

வணக்கம். குழப்பத்தில் இருக்கிறேன், நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது 350 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, ஒன்றரை வருஷமாக ஓடுகிறது. ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு ராயல் கிராமா, ஒரு கோபி, கொஞ்சம் மென்பவளங்கள், ஒரு கிளீனர் இறால் (மீன் மேல் ஒட்டியிருப்பதைக் கொத்தித் தின்னும் வகை), நத்தைகள். இவற்றில் எதையும் நான் குவாரண்டைன் செய்யவில்லை, அதாவது பெரிய தொட்டியில் விடும் முன் சில வாரம் தனியே வைத்துக் கவனிக்கவில்லை. அப்போது அந்த வார்த்தையே எனக்குத் தெரியாது. ஏதோ அதிர்ஷ்டம், ஒன்றும் ஆகவில்லை.

மூன்று மாதம் முன்பு ஒரு ஃபிளேம் ஏஞ்சல் வாங்கியபோது, எல்லோரும் சொல்கிறார்களே என்று முதல்முறையாக 40 லிட்டர் தொட்டி ஒன்றைத் தனியாக வைத்தேன். புதிதாகக் கலந்த உப்புநீர், ஹீட்டர், ஏர் ஸ்டோன், ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு. மருந்து எதுவும் போடவில்லை. இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது, காலையும் மாலையும் வயிறு நிறையச் சாப்பிட்டது. மூன்றாம் நாள் வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டு மேலேயே நின்றது. ஐந்தாம் நாள் காலையில் அடியில் கிடந்தது. உடம்பில் ஒரு புள்ளி கூட இல்லை.

இப்போது ஒரு மஞ்சள் டேங் மேல் கண். கடையில் இரண்டு வாரமாக இருக்கிறதாம், நோரி (காய்ந்த கடற்பாசி) போட்டால் பாய்ந்து வந்து தின்கிறது, துடுப்பு எல்லாம் சுத்தம். நண்பன் ஒருவன், "கிளீனர் இறால் இருக்கிறதல்லவா, அது பார்த்துக்கொள்ளும், நேரே விடு" என்கிறான். எனக்கும் அந்தப் பக்கம்தான் மனம் சாய்கிறது. முன்பு நேரே விட்ட நாலு மீனும் உயிரோடு இருக்கின்றன, பாதுகாப்பு என்று தனியே வைத்த ஒன்றே ஒன்று செத்துப்போனது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?


உப்புக்கை:

சகோ, ஒரே ஒரு கேள்வி. அந்த 40 லிட்டரில் அமோனியா, அதாவது மீன் கழிவிலிருந்து சேரும் விஷம், எவ்வளவு இருந்தது என்று பார்த்தீர்களா? நீங்கள் எழுதியதில் ஃபில்டர் என்ற சொல்லே வரவில்லை. ஏர் ஸ்டோன் காற்றைத்தான் தரும், கழிவைத் தின்னாது. உங்கள் பெரிய தொட்டியில் கல்லிலும் மணலிலும் கோடிக்கணக்கான பாக்டீரியா உட்கார்ந்து அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றிக்கொண்டிருக்கின்றன. புதிதாகக் கலந்த 40 லிட்டர் உப்புநீரில் அப்படி யாருமே இல்லை. அதில் ஒரு மீன், ஒரு நாளைக்கு இரண்டு வேளைச் சாப்பாடு. மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது என்கிறீர்கள், கணக்கு சரியாக இருக்கிறது. நோயாகவும் இருந்திருக்கலாம், நான் பார்க்கவில்லை, ஆனால் என்னைக் கேட்டால் முதல் சந்தேகம் அமோனியா மேல்தான்.

இன்னொன்று, கடல்நீரில் அமோனியா நன்னீரைவிடக் கொடியது. பிஎச் 8.2 பக்கத்தில் இருப்பதால் அதில் விஷமான பங்கு அதிகம். நீண்ட பயணத்தில் வந்த மீனின் பையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடக்கூடாது என்பதும் இதனால்தான். பை மூடியிருக்கும்வரை உள்ளே கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும், அமோனியா பெரிதாகக் கடிக்காது. திறந்ததும் வாயு போய்விடும், பிஎச் ஏறும், அதே அமோனியா விஷமாகும். நான் செய்வது: பையை மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்வேன், குவாரண்டைன் தொட்டியின் உப்பளவைப் பையின் அளவுக்கு முன்கூட்டியே கொண்டுவந்து வைப்பேன், பையைத் திறந்ததும் மீனை மட்டும் எடுத்து விட்டுவிடுவேன். பைத்தண்ணீர் நேரே சாக்கடைக்கு. உப்பளவைக் கடைக்காரரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல கடைகளில் ஒப்படர்த்தியை 1.020க்கும் கீழே வைத்திருப்பார்கள், நாம் 1.025. உப்பு குறைவதை மீன் தாங்கும், திடீரென்று ஏறுவதைத் தாங்காது. அப்புறம் நாலைந்து நாளில் மெல்ல ஏற்றிக்கொள்ளலாம்.

அடுத்த முறை ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரை உங்கள் சம்ப்பில் (பெரிய தொட்டியோடு இணைந்த கீழ்த்தொட்டி) ஒரு மாதம் ஊறப்போட்டு வையுங்கள், மீன் வரும் நாளில் எடுத்து மாட்டினால் போதும். அமோனியா காட்டும் வில்லை ஒன்றைக் கண்ணாடியில் ஒட்டி வையுங்கள். சாப்பாடு கொஞ்சமாக, மிச்சத்தை உடனே குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள். மணல், லைவ் ராக் (பாக்டீரியா குடியிருக்கும் கல்) எதுவும் வேண்டாம். பின்னால் காப்பர் (ஒட்டுண்ணியைக் கொல்லும் செம்பு மருந்து) போட நேர்ந்தால் அவை உறிஞ்சிக்கொண்டு அளவையே குழப்பிவிடும். மூடி போட மறக்காதீர்கள்.


நாலாம்நாள்:

அமோனியா பற்றி அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. நான் "கண்ணுக்குச் சுத்தமாக இருக்கிறது" என்பதைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் அந்த வாக்கியத்தை நம்பித்தான் நான் ஒருமுறை ஒன்பது மீனில் ஏழைப் பறிகொடுத்தேன்.

வெண்புள்ளி நோய் என்று நாம் பார்ப்பது கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணியின் வாழ்க்கையில் ஒரு சின்னப் பகுதி. அது மீன் தோலுக்கு அடியில் 3 முதல் 7 நாள் வரை இருந்து தின்று கொழுக்கும், அப்போதுதான் புள்ளி தெரியும். பிறகு தானாகவே உதிர்ந்து கீழே போய், கல்லிலோ கண்ணாடியிலோ கூடு கட்டிக்கொள்ளும். மீன் பளிச்சென்று ஆகிவிடும், நாமும் குணமாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்போம். அந்தக் கூட்டுக்குள் ஒன்று பலவாகப் பிரியும், ஒரே கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் கிளம்பி ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைத் தேடிப் பிடிக்கும். கூடு திறக்க பெரும்பாலும் 3 நாளிலிருந்து 4 வாரம். அதிகபட்சமாக 72 நாள் வரை பதிவாகியிருக்கிறது, தொட்டியை மீன் இல்லாமல் 76 நாள் காலியாகப் போடச் சொல்லும் கணக்கு அங்கிருந்து வந்ததுதான். போதாததற்கு, புள்ளி செவுளுக்குள் மட்டும் இருந்தால் வெளியே எதுவும் தெரியாது.

இது கூடப் பரவாயில்லை, அவகாசம் தரும். வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய் தராது. மாவு தூவியது மாதிரி மெல்லிய படலம், அதுவும் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால்தான் தெரியும். மீன் வெளிச்சத்துக்குப் பயந்து ஒதுங்கும், பம்ப் தண்ணீர் பீய்ச்சும் இடத்தில் போய் எதிர்நீச்சல் போட்டுக்கொண்டு நிற்கும், செவுள் படபடக்கும். அதற்குப் பிறகு சில நாள்தான், சிலசமயம் அதுகூட இல்லை. என் ஏழு மீன் போனது இதில்தான். கடைசியாக வந்த ஒரு டேங் கொண்டுவந்தது, கடையில் அது அழகாகத் தின்றுகொண்டிருந்தது.

கடையில் இரண்டு வாரம் இருந்தது என்பதும் ஆறுதல் இல்லை. பல கடைகளில் எல்லாத் தொட்டிக்கும் ஒரே தண்ணீர் சுற்றும், நேற்று வந்த மீனின் நோய் இன்று இதற்கு வரும். சில இடங்களில் குறைந்த அளவு காப்பர் ஓடிக்கொண்டிருக்கும். அது நோயை அடக்கி வைக்கும், கொல்லாது. நம் வீட்டுக்கு வந்து பத்து நாளில் எழுந்துகொள்ளும். கிளீனர் இறால் மீனின் தோலுக்கு மேலே இருப்பதைத்தான் கொத்தும், தோலுக்கு அடியில் இருப்பதை அது எப்படி எடுக்கும்?

என் வழி காப்பர். குப்ரமைன் என்ற பிராண்ட் என்றால் 0.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), காப்பர் பவர் போன்ற வகைக்கு 2 முதல் 2.5. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், எந்த வகைக்கு எந்த டெஸ்ட் கிட் பொருந்தும் என்று பார்த்தே வாங்குங்கள். இரண்டு மூன்று நாளில் மெல்ல ஏற்றி, 30 நாள் அளவு இறங்காமல் பிடித்து வைக்க வேண்டும். தண்ணீர் மாற்றும்போது புதுத் தண்ணீருக்கும் மருந்து போட வேண்டும், இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். இன்னொரு எச்சரிக்கை, அமோனியாவைக் கட்டுப்படுத்தும் திரவத்தைக் காப்பர் இருக்கும் தண்ணீரில் ஊற்றிவிடாதீர்கள், காப்பர் மீனுக்கே விஷமாகிவிடும்.


பவளக்காடு:

நான் எதிர்க்கட்சி. காப்பரை எல்லா மீனுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவது எனக்குப் பிடிக்காது. மாண்டரின், சில ராஸ் வகைகள், குள்ள ஏஞ்சல்கள் எல்லாம் காப்பரில் சாப்பாட்டை நிறுத்திவிடும். மாண்டரினுக்கு முதலில் உயிருள்ள கோபிபாட் (தண்ணீரில் வாழும் மிகச் சின்ன உயிரி) கிடைக்காமல் பட்டினி வரும், நோய் அப்புறம்தான். பயணத்தில் நொந்து வந்த மீனுக்கு முதல் வாரம் தேவை இருட்டு, அமைதி, சாப்பாடு. நான் நாலு வாரம் தனியே வைத்து வெறுமனே கவனிப்பேன். முதல் வார முடிவில் நன்னீர்க் குளியல் 5 நிமிஷம், வெப்பமும் பிஎச்சும் சமமாக இருக்க வேண்டும், குளோரின் இருக்கக்கூடாது. தோலில் தட்டைப்புழு இருந்தால் வெள்ளையாக மாறி உதிர்ந்து அடியில் கிடக்கும், கண்ணாலேயே பார்க்கலாம். இருந்தால் பிராசிகுவான்டெல் என்ற புழு மருந்து, 5 முதல் 7 நாள் கழித்து இன்னொரு முறை, ஏனென்றால் முட்டையை அது கொல்லாது. வேறு ஏதாவது தெரிந்தால் அதற்கான மருந்து. ஒன்றும் தெரியாவிட்டால் மருந்தே இல்லை.

அப்புறம் யாரும் சொல்லாத ஒன்று. ரெட்டைக்கோமாளி, உங்கள் பெரிய தொட்டியில் இருக்கும் நாலு மீனும் குவாரண்டைன் பார்க்காதவை. அங்கே வெண்புள்ளி ஏற்கனவே குறைந்த அளவில் ஓடிக்கொண்டிருக்கலாம், பழைய மீன்களுக்கு எதிர்ப்பு சக்தி வந்து ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். டேங் இனத்துக்கு வெண்புள்ளி சட்டென்று பிடிக்கும். நீங்கள் அதை ஒரு மாதம் கண்ணாக வைத்துச் சுத்தமாக்கி, கடைசியில் நோய் இருக்கும் தொட்டியில் கொண்டுபோய் விடுவீர்கள்.


நாலாம்நாள்:

கடைசிப் பத்தி நல்ல அடி, ஒத்துக்கொள்கிறேன். அதே காரணத்தால் சம்ப்பில் ஊறிய ஸ்பாஞ்சும் எனக்குச் சந்தேகம்தான், கூடு அதில் ஒட்டிக்கொண்டு வரலாம். புது ஸ்பாஞ்ச், பாட்டில் பாக்டீரியா, துளி மீன் உணவு போட்டு மூன்று நாலு வாரம் தனியாகவே ஓட்டி, அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் ஆனபிறகு மீனை வாங்குவது நல்லது. ஆனால் "தெரிந்தால் மருந்து" என்பது வெல்வெட்டுக்குச் செல்லாது. தெரியும்போது பாதி முடிந்திருக்கும். மாண்டரினுக்கு உங்கள் வழி, டேங்குக்கு என் வழி என்று வைத்துக்கொள்வோமா?


பவளக்காடு:

டேங் என்றால் சரி. காப்பர் பாட்டில் திறக்காமலாவது அலமாரியில் இருக்கட்டும், நள்ளிரவில் வெல்வெட் வந்தால் கடை திறந்திருக்காது.


ரெட்டைக்கோமாளி:

எல்லோருக்கும் நன்றி. அமோனியா டெஸ்ட் கிட் பெரிய தொட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது, அதை எடுத்து அந்தத் தண்ணீரில் போட்டுப் பார்க்கத் தோன்றவே இல்லை, இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இரண்டு சந்தேகம். காப்பர் அளவைப் பிடித்து வைக்கும் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை, வேறு வழி உண்டா? அந்த 40 லிட்டர் தொட்டி டேங்குக்குப் போதுமா?


உப்புக்கை:

போதாது. டேங் ஓயாமல் நீந்தும் மீன், ஒரு மாதம் 40 லிட்டரில் வைத்தால் சுவரில் முட்டிக்கொண்டே இருக்கும். 100 லிட்டருக்கு மேல் ஒரு உணவுத்தரப் பிளாஸ்டிக் தொட்டி எடுத்துக்கொள்ளுங்கள், கண்ணாடியே வேண்டும் என்று இல்லை.

மருந்து இல்லாத வழி, தொட்டி மாற்றும் முறை. இரண்டு தொட்டி, இரண்டு ஹீட்டர், இரண்டு ஏர் ஸ்டோன். மூன்று நாளைக்கு ஒருமுறை, 72 மணி நேரம் தாண்டாமல், மீனை மட்டும் அடுத்த தொட்டிக்கு மாற்ற வேண்டும், பழைய தண்ணீர் ஒரு சொட்டுகூடப் போகக்கூடாது. பழையதைக் கழுவி முழுக்கக் காயவைத்தால் அடுத்த முறைக்குத் தயார். நாலு முறை மாற்றினால் 12 நாள். உதிர்ந்த கூடு திறக்கும் முன்பே மீன் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான் சூட்சுமம். மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரே புதிது என்பதால் உங்களைக் கடித்த அமோனியா சேர இடமில்லை. ஆனாலும் கிட்டில் தினமும் பாருங்கள். இது வெண்புள்ளியை மட்டும்தான் தடுக்கும், வெல்வெட்டை நம்பி விடமுடியாது. ஆகவே 12 நாள் முடிந்ததும், அதற்குள் ஊறித் தயாராகியிருக்கும் ஸ்பாஞ்சோடு இன்னொரு மூன்று நாலு வாரம் கவனிப்பு. அந்த இடைவெளியில் காப்பரைப் படித்துப் பழகிக்கொள்ளுங்கள்.

வலை, பைப், துண்டு எதையும் பெரிய தொட்டியோடு பங்கு போடாதீர்கள். கையைக்கூடக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் அங்கே விட வேண்டும். இரண்டும் ஒரே மேஜையில் இருந்தால் குமிழி தெறிப்பதில்கூடப் போகும், அடுத்த அறை நல்லது.


ரெட்டைக்கோமாளி:

சரி, தொட்டி இரண்டும் இந்த வாரமே ஏற்பாடு செய்கிறேன், டேங் ஒரு மாதம் கழித்துத்தான். கடைசியாக ஒன்று, சிரிக்காதீர்கள். போன சனிக்கிழமை அதே கடையிலிருந்து நாலு டர்போ நத்தை வாங்கி நேரே விட்டுவிட்டேன். நத்தைக்கு மீன் நோய் வராதுதானே?


நாலாம்நாள்:

வராது, ஆனால் ஓட்டில் கூடு ஒட்டிக்கொண்டு வரும். அந்தக் கடையில் நத்தைத் தொட்டியும் மீன் தொட்டியும் ஒரே தண்ணீரா என்று கேளுங்கள். ஆம் என்றால் இன்னும் ஆறு வாரத்துக்குக் கோமாளிகளின் செவுளைத் தினமும் காலையில், விளக்குப் போட்டவுடன் பாருங்கள், டேங்கையும் அதுவரை தள்ளிப்போடுங்கள். அடுத்த முறை நத்தைக்கும் பவளத்துக்கும் மீன் இல்லாத ஒரு வாளி, ஹீட்டர், காற்று, 76 நாள். ஆம், நத்தைக்கு. வீட்டில் என்னையும் இப்படித்தான் பார்த்தார்கள்.