மேல் நடுப்பல் 11-இல் உடைந்த மூலை, நடுவில் 1.6 மி.மீ. இடைவெளி: காம்போசிட் (பல்நிற ரெசின் நிரப்பி) வைத்தால் பல் அகலமாகவும் சாம்பலாகவும் தெரிகிறது

வெட்டுவிளிம்பு (கேள்வி)

வணக்கம். 24 வயது நோயாளி. 11-இன் (மேல் வலது நடுப்பல்) மீசியல் (நடுக்கோட்டுப் பக்க) மூலை சுமார் 2.5 மி.மீ. உடைந்திருக்கிறது. எனாமலோடு (பல்லின் மேலோடு) கொஞ்சம் டென்டினும் (அதன் அடியிலுள்ள அடுக்கு) போயிருக்கிறது. பல்ப் (உள்ளிருக்கும் நரம்புத் திசு) வெளியே தெரியவில்லை. குளிர்ச் சோதனைக்கு இயல்பான பதில், எக்ஸ்ரேயில் வேர்நுனி சுத்தம். 11-க்கும் 21-க்கும் (மேல் இடது நடுப்பல்) நடுவே 1.6 மி.மீ. இடைவெளி. உடையாத நடுப்பகுதியில் வெர்னியர் வைத்து அளந்ததில் 11-இன் அகலம் 8.1, 21-இன் அகலம் 8.0, நீளம் இரண்டுக்கும் 10.0 மி.மீ. 21-இன் முகப்பில் சின்ன வெள்ளைத் திட்டு ஒன்று உண்டு. ஈறு நன்றாக இருக்கிறது. பல்லை ராவி வெனீரோ கிரவுனோ போடுவதில் நோயாளிக்கு விருப்பமில்லை.

பாண்டிங் (ஒட்டுத் திரவம்) இல்லாமல் மாக்-அப் (தற்காலிக மாதிரி) வைத்துப் பார்த்தபோது இரண்டு பல்லும் சதுரமாகத் தெரிந்தன, ஈறு ஓரத்தில் கருப்பு முக்கோணம் (பற்களுக்கிடையே ஈறு நிறையாத இடம்) விழுந்தது, உடைந்த மூலையில் வைத்த காம்போசிட் சாம்பல் நிறத்தில் நின்றது, உடைந்த கோடும் அப்படியே தெரிந்தது. எனாமல் ஷேட் (ஒளி ஊடுருவும் காம்போசிட்) மட்டும்தான் பயன்படுத்தினேன். 21-க்கு பெவல் (எனாமல் ஓரத்தைச் சரிவாகச் சீவுவது) தேவையா என்பதிலும் சந்தேகம் இருக்கிறது.

---

ஈறோரம்

நிறத்துக்குப் பிறகு வருவோம், முதலில் கணக்கு. 8.1 + 8.0 + 1.6 = 17.7. இரண்டாகப் பிரித்தால் ஒரு பல்லுக்கு 8.85 மி.மீ. நீளம் 10.0 என்றால் அகலம் நீளத்தில் 88 சதவீதத்தைத் தாண்டுகிறது. 75 முதல் 80 வரைதான் கண்ணுக்கு இயல்பு. சதுரமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அதை எந்த ஷேட்டும் காப்பாற்றாது.

வழி இருக்கிறது. உதடு தளர்ந்திருக்கும்போது வெட்டு விளிம்பு எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். இடமிருந்தால் இரண்டு பல்லையும் 0.6 மி.மீ. நீட்டலாம்; 8.85-ஐ 10.6-ஆல் வகுத்தால் 83.5 சதவீதம். இன்னும் குறைக்க, டிஸ்டல் (நடுக்கோட்டுக்கு எதிர்) பக்கத்தில் எனாமலுக்குள்ளேயே 0.25 மி.மீ. தேய்த்து, அங்கே விழும் இடைவெளியை அடுத்த பற்களான 12, 22 இரண்டின் மீசியல் பக்கத்தில் நிரப்பிவிடலாம். அப்போது அகலம் 8.6, விகிதம் 81. பல்லைத் தொடவே கூடாது என்று நோயாளி சொன்னால் 83.5-இல் நின்று, மிச்சத்தைக் கண்மாயத்தில் சரிக்கட்ட வேண்டியதுதான். முகப்பிலிருந்து பக்கம் திரும்பும் கோணக்கோடு ஒளியைத் திருப்பிவிடுவதால், கண் அந்தக் கோட்டையே பல்லின் அகலமாக எடுத்துக்கொள்கிறது. புதிதாகச் சேர்த்த காம்போசிட்டின் ஓரத்துக்கு அதைத் தள்ளாமல், பழைய இடத்துக்குக் கிட்டத்தில் வைத்து, அதற்கப்பால் மேற்பரப்பை உள்நோக்கி மடக்குங்கள்.

இடைவெளி ஏன் வந்தது என்பதையும் கேட்டுவிடுங்கள். சிறுவயதிலிருந்தே இருப்பதென்றால் மேலுதட்டு ஃப்ரீனத்தை (உதட்டை ஈறோடு இணைக்கும் மடிப்பு) இழுத்துப் பாருங்கள். நடு ஈறு வெளுத்தால் அதற்கும் பங்குண்டு. நாக்குத் தள்ளும் பழக்கம் இருந்தால் மூடிய இடமே பிறகு விலகும். அண்மையில்தான் விரிந்தது என்றால் காம்போசிட்டைத் தள்ளிவைத்து, எலும்பையும் கடியையும் சோதியுங்கள்.

இனி கருப்பு முக்கோணம். ஆய்வாளர் டார்னோவும் சகாக்களும் 1992-இல் வெளியிட்ட அளவுகள் இங்கே நேராகப் பயன்படும். தொடுபுள்ளியிலிருந்து எலும்பு முகடு வரை 5 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்த இடங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஈறு நிறைந்திருந்தது. 6 மி.மீ. என்றால் 56 சதவீதம், 7 என்றால் 27. மரத்துப்போக ஊசி போட்டுப் புரோபை எலும்பு தட்டும்வரை இறக்கி அளந்துகொண்டு, தொடுபுள்ளியின் அடிப்பகுதி 5 மி.மீ.க்குள் வரும்படி ஈறை நோக்கி நீட்டுங்கள். அதோடு காம்போசிட் ஈறு விளிம்பில் தொடங்கக் கூடாது. அதற்கு அரை மி.மீ. உள்ளிருந்து, மெதுவாகக் குவிந்து வெளிவர வேண்டும். அந்தக் குவிவுதான் ஈறைப் பக்கவாட்டில் அழுத்தி வெட்டு விளிம்பை நோக்கி எழுப்புகிறது. தட்டையான மைலார் (மெல்லிய பிளாஸ்டிக்) பட்டையை நேராகச் செருகினால் இந்த வடிவம் வரவே வராது. கடைவாய்ப் பல்லுக்கான வளைந்த செக்‌ஷனல் மேட்ரிக்ஸைச் (வடிவம் பிடிக்கும் தகடு) செங்குத்தாகத் திருப்பி ஈறுக்குள் இறக்கினால் குவிவு தானாகவே கிடைக்கும். உலோக மேட்ரிக்ஸ் என்றால் முகப்பிலிருந்தும் அண்ணப் பக்கத்திலிருந்தும் தனித்தனியாக ஒளி காட்டுங்கள். அழுத்தி வெட்ஜ் (ஆப்பு) போட்டால் மேட்ரிக்ஸ் பல்லோடு ஒட்டிக்கொண்டு அந்தக் குவிவு போய்விடும்.

இரண்டு பல்லையும் ஒரே நேரத்தில் கட்டாதீர்கள். ஒரு பல்லின் மீசியல் பக்கத்தை முடித்து, அளவு சரியா என்று வெர்னியரில் பார்த்து, பாலிஷும் செய்த பிறகு அடுத்த பல். இரண்டாவது பல்லை எட்ச் (அமிலத்தால் சொரசொரப்பாக்குவது) செய்யும்போது முதல் பல்லில் டெஃப்லான் நாடாவைச் சுற்றுங்கள், ஆனால் காம்போசிட் வைக்கும் முன் எடுத்துவிட்டு மெல்லிய பட்டையை மட்டும் விடுங்கள். மடிப்பு விழுந்த டெஃப்லான் உள்ளே இருந்தால் தொடர்பு தளர்ந்துவிடும். காம்போசிட்டை வைத்ததும் பட்டையை அண்ணப் பக்கமாக இழுத்தால் அது வழிந்து வடிவெடுக்கும்.

---

அடுக்குக்காரர்

சாம்பலுக்குக் காரணம் நீங்களே சொல்லிட்டீங்க, எனாமல் ஷேட் மட்டும். உடைஞ்ச மூலைக்குப் பின்னால இருக்கறது வாயோட இருட்டு. ஒளி ஊடுருவுற பொருளை அதுக்கு முன்னால வெச்சா இருட்டுதான் தெரியும். இயற்கை எனாமல் தடிச்சா பல் வெளுப்பாத் தெரியும். காம்போசிட் எனாமல் பெரும்பாலும் தடிச்சா சாம்பல் தட்டும். இந்தத் தலைகீழ்தான் நிறைய பேரை ஏமாத்துது.

மெழுகு மாதிரியிலிருந்து சிலிக்கான் புட்டி அச்சு எடுத்துக்கோங்க. அதை வெட்டு விளிம்போட முகப்புக் கோட்டுல கத்தியால நறுக்கிடுங்க. அண்ணப் பக்க ஓடு எனாமல் ஷேட்ல 0.3 மி.மீ. போதும். அச்சை வாய்க்கு வெளியே வெச்சே மெல்லிசா பரப்பிட்டு, பல்லுல பொருத்தி கியூர் (ஒளியால இறுக்கறது) பண்ணுங்க. அதுக்கு மேல ஒளி மறைக்கிற டென்டின் ஷேட். அது உடைஞ்ச கோட்டுலயே நிக்கக் கூடாது, கோட்டைத் தாண்டி பெவலோட பாதி வரைக்கும் வரணும். கோடு தெரியறதும் மறையறதும் இந்த ஒரு மி.மீ.லதான். விளிம்புக்கு 1 முதல் 1.5 மி.மீ. முன்னாலேயே டென்டினை நிறுத்தி, 21-ல மேமலான் (விளிம்புல தெரியற விரல் மாதிரி மேடு) எப்படி இருக்கோ அதையே பாத்து விரல் விரலா இழுங்க. கடைசி எனாமல் அடுக்குக்கு அரை மி.மீ.க்கு மேல இடம் விடாதீங்க. பக்கத்துலேருந்து பாத்து டென்டின் எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு சரிபாத்துட்டு மேல போங்க. டென்டின் ரொம்ப வெளியே வந்துட்டா, கடைசி பாலிஷ்ல எனாமல் தேஞ்சு வெள்ளைத் திட்டாத் தெரியும்.

ஷேட் எடுக்கறது ரப்பர் டேம் (எச்சில் படாம தடுக்கற ரப்பர் திரை) போடறதுக்கு முன்னால, பல் ஈரமா இருக்கும்போது. சில நிமிஷம் காஞ்சாலே பல் வெளுத்துடும், பழைய நிறத்துக்கு வர மணிக்கணக்காகும். ஷேட் கைடை மட்டும் நம்பாதீங்க. பாண்டிங் இல்லாம சின்னப் பொட்டா பல்லுமேலேயே வெச்சு கியூர் பண்ணி பாருங்க, கியூருக்கு அப்புறம் பல காம்போசிட்டோட நிறம் மாறும். டென்டின் ஷேட்டை ஈறோரத்துல பாருங்க, அங்கே எனாமல் மெல்லிசு. கறுப்பு வெள்ளையில ஒரு போட்டோ எடுத்தா எந்தப் பொட்டு மறையுது, எது தனியா நிக்குதுன்னு சட்டுனு புரியும்.

11-க்கு முகப்புல 1.5–2 மி.மீ. பெவல், நேர்கோடா இல்லாம அலை அலையா. 21-க்கு பெவல் வேண்டாம். 50 மைக்ரான் அலுமினாவாலயோ சொரசொரப்பான டிஸ்காலயோ மேல்தோலை எடுத்தா போதும். தீண்டாத எனாமலோட மேலடுக்கு எட்ச் சரியா ஏறாது. 37% பாஸ்போரிக் அமிலம் எனாமலுக்கு 30 விநாடி, டென்டினுக்கும் போடறதா இருந்தா 15-ஐத் தாண்டாதீங்க. பாண்டிங் 20 விநாடி தேய்ச்சு, அலை அசையறது நிக்கிற வரைக்கும் காத்தடிச்சு, அப்புறம் கியூர்.

வெள்ளைத் திட்டை காம்போசிட்டுக்கு முன்னாலயே ரெசின் இன்ஃபில்ட்ரேஷன்ல (திட்டுக்குள்ள ரெசினை ஊற விடறது) சரி பண்ணுங்க. 15% ஹைட்ரோகுளோரிக் அமிலம் 2 நிமிஷம், கழுவி உலர்த்தி எத்தனால். எத்தனால் ஈரத்துல திட்டு மங்கினா ரெசினும் மறைக்கும். மங்கலைன்னா அமிலத்தைத் திரும்பப் போடுங்க. ரெசின் 3 நிமிஷம் ஊறட்டும், 40 விநாடி கியூர். மறுபடி 1 நிமிஷம், கியூர். பிளீச்சிங் பண்ற எண்ணம் இருந்தா அது எல்லாத்துக்கும் முதல்ல. முடிச்சு 2 வாரம் கழிச்சுதான் பாண்டிங். பல்லுக்குள்ள தங்கின ஆக்சிஜன் ரெசினை இறுக விடாது.

---

ஒரேஷேட்

அடுக்குக்காரர் சொன்னதில் தவறில்லை, ஆனால் இந்த 11-க்கு அத்தனையும் தேவையா என்பதை 21 முடிவு செய்யட்டும். 21-இன் விளிம்பில் மேமலானோ நீலச் சாயலோ தெரியாவிட்டால், ஓட்டுக்கு மேல் பாடி ஷேட் (எனாமல் ஷேட்டைவிட ஒளியை மறைப்பது) ஒன்றே போதும். இல்லாத ஊடுருவலைக் கஷ்டப்பட்டு வரவழைத்தால் அதுதான் உறுத்தும். இடைவெளியை மூடும் மீசியல் பகுதிக்கும் பாடி ஷேட்தான். அங்கேயும் பின்னால் இருட்டு இருக்கிறது.

காம்போசிட் கருவியில் ஒட்டுகிறதென்று பாண்டிங் பாட்டிலில் தூரிகையை நனைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அதிலுள்ள கரைப்பான் அடுக்குகளுக்கு நடுவே தங்கி இறுக்கத்தைக் கெடுக்கும், பிறகு கறையும் ஏறும். கரைப்பான் இல்லாத வடிவமைப்பு ரெசினையே எடுத்து, அதையும் துடைத்த தூரிகையில் தொடுங்கள். வேலை செய்யும்போது மேல் விளக்கை ஆரஞ்சு வடிகட்டிக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் பாதியில் காம்போசிட் இழுபடாமல் நொறுங்கும்.

---

வெட்டுவிளிம்பு

நன்றி. தளர்நிலையில் 2 மி.மீ. தெரிகிறது, 0.6 நீட்ட இடமிருக்கிறது. டிஸ்டலில் 0.25 தேய்க்கவும் நோயாளி சம்மதித்துவிட்டார். இன்னொரு கேள்வி: பாலிஷ் முடிந்ததும் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு வருவது எதனால்?

---

ஈறோரம்

பெரும்பாலும் சுருக்க அழுத்தத்தில் ஓரத்து எனாமல் நுண்ணியதாக விரிசல் விட்டிருக்கும், அல்லது உலர்ந்த டிஸ்கை அதிவேகத்தில் அழுத்தியிருப்போம். கடைசி அடுக்கை மெல்லியதாக வைத்து, முதலில் விளக்கைத் தள்ளிப் பிடித்துப் பிறகு கிட்டே கொண்டுவாருங்கள். இறுதி கியூருக்கு முன் கிளிசரின் ஜெல் பூசிவிட்டால் காற்றுப்பட்ட மேல்படலமும் இறுகும். அதைத் தனியாகத் தேய்த்தெடுக்க வேண்டியதில்லை. டிஸ்க் காம்போசிட்டிலிருந்து பல்லை நோக்கி, தண்ணீரோடு, மெதுவேகத்தில். கோடு வந்துவிட்டால் எட்ச் செய்து நீர்த்த ரெசினை ஊறவிட்டுப் பார்க்கலாம். மறையாவிட்டால் அந்த ஓரத்தை வெட்டித் திரும்ப வைப்பதுதான் வழி.

அன்றே முழுப் பாலிஷ் வேண்டாம். பல் உலர்ந்திருக்கும்போது நிறப் பொருத்தத்தை எடைபோட முடியாது. வடிவத்தையும் ஓரத்தையும் முடித்து அனுப்பிவிட்டு, ஒரு வாரம் கழித்து அழையுங்கள். அன்று கோணக்கோடுகளைப் பென்சிலால் 11-இலும் 21-இலும் வரைந்து ஒப்பிட்டு, கிடைக்கோட்டு இழைகளைக் கரடான டயமண்டால் லேசாகக் கீறி, ரப்பர், பிறகு 3 மைக்ரான், 1 மைக்ரான் டயமண்ட் பேஸ்ட். இழையை முதலில் கீறாமல் பாலிஷை முடித்துவிட்டால் மேற்பரப்பு கண்ணாடிபோல் தட்டையாகி, ஒளி பட்டதும் ஒட்டவைத்தது என்று தெரிந்துவிடும்.

கடி காகிதத்தை மூடிய நிலையில் மட்டும் வைக்காதீர்கள். கீழ்த்தாடையை முன்னே தள்ளச் சொல்லி விளிம்போடு விளிம்பு வரும்வரை பாருங்கள், 0.6 நீட்டிய பிறகு பாரம் முழுவதும் 11-இன் புது மூலையில் விழுந்தால் அது அங்கேயே சில்லுச் சில்லாகப் பெயரும். இரு நடுப்பற்களும் சேர்ந்து தாங்க வேண்டும், இணைப்புக் கோட்டின்மேல் புள்ளி விழக் கூடாது. பல் கடிக்கும் பழக்கம் இருந்தால் இரவுத் தகடு கொடுத்துவிடுங்கள். பின்னாளில் மூலை சிறிதாகப் பெயர்ந்தால் முழுவதையும் எடுக்காதீர்கள். 50 மைக்ரான் அலுமினா, சிலேன் (ஒட்ட உதவும் இணைப்புத் திரவம்), பாண்டிங், அதன்மேல் புதுக் காம்போசிட். புட்டி அச்சைப் பத்திரமாக வைத்திருந்தால் அதே வடிவம் பத்து நிமிடத்தில் திரும்பக் கிடைக்கும்.