காலரா நச்சு செல்லில் ஒட்டுவதையே தடுக்கும் மருந்து ஏன் இல்லை?

காரைக்கால் கடைக்காரர்:
மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். 2022 ஜூலையில் எங்கள் ஊரில் காலரா பரவி, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தார்களே, அதிலிருந்து பேதி என்று யார் வந்தாலும் எனக்குக் கொஞ்சம் உதறல்தான். வருகிறவர்கள் கேட்பது "உடனே நிற்கிற மாதிரி ஒரு மாத்திரை". டாக்டர்கள் எழுதுவதோ ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல், கூட டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் ஒன்று, அவ்வளவுதான். கிருமி விடுகிற நச்சு குடல் செல்லின் சவ்வில் ஒட்டித்தான் கோளாறு செய்கிறது என்று டி.பார்மில் படித்தேன். அந்த ஒட்டுதலையே தடுத்துவிட்டால் என்ன? பேதியை நிறுத்தும் லோபராமைடு மாத்திரை ஏன் கூடாது என்கிறார்கள்?

வார்டு சிஸ்டர்:
லோபராமைடு முக்கியமாகக் குடலின் அசைவைத்தான் குறைக்கும் அண்ணா. காலராவில் நீர் சுரந்துகொண்டே இருக்கும், வெளியே வராமல் வயிற்றில் தேங்கும். பேதி குறைந்தது என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள், இங்கே பிபி இறங்கிக்கொண்டிருக்கும். கொடுக்காதீர்கள்.

மைக்ரோ டீச்சர் (ஓய்வு):
ஒட்டுதலைத் தடுக்கும் யோசனை பழையதுதான். இடிப்பது நேரம்.

காலரா நச்சில் பி என்ற ஐந்து துண்டுகள் வளையமாக நிற்கும், அதன் மேல் ஏ என்ற துண்டு உட்கார்ந்திருக்கும். வளையம் பிடிப்பது சவ்வின் வெளிப்பக்கத்தில் இருக்கும் ஜிஎம்1 என்ற, சர்க்கரை கோத்த கொழுப்பை. ஐந்தும் சேர்ந்து பிடிப்பதால் லேசில் விடாது. போதாததற்கு, இதே கிருமியின் இன்னொரு நொதி பக்கத்தில் இருக்கும் இதே குடும்பத்து வேறு கொழுப்புகளை (கேங்கிலியோசைடுகளை) கத்தரித்து அவற்றையும் ஜிஎம்1 ஆக்கிவிடும். திருட்டுப் புத்தி!

எல்லா நச்சும் சவ்வில் ஓட்டை போடும் என்று நினைக்க வேண்டாம். ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற வேறொரு கிருமியின் ஆல்ஃபா நச்சு ஏழேழாகச் சேர்ந்து ஓட்டை போடும். காலரா நச்சையோ செல்லே உள்ளே இழுத்துக்கொள்ளும். அது செல்லின் உள்ளுறுப்பான கோல்ஜி வழியாக எண்டோபிளாச வலை என்ற இன்னொன்று வரை போய், அங்கிருந்து ஏ1 துண்டு மட்டும் கழன்று சைட்டோபிளாசத்துக்கு வரும். வந்ததும் சுவிட்ச் போல வேலை செய்யும் ஜிஎஸ் புரதத்தை அணையவே முடியாதபடி 'ஆன்' நிலையில் நிறுத்திவிடும். செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி ஏறும், சிஎஃப்டிஆர் என்ற குளோரைடு குழாய் திறந்தே கிடக்கும், குடலுக்குள் குளோரைடு கொட்டும், பின்னாலேயே சோடியமும் தண்ணீரும். மோசமான கேஸில் மணிக்கு ஒரு லிட்டர் வரை போகும்.

நோயாளி உங்கள் கடைக்கு வரும்போது இவ்வளவும் நடந்து முடிந்திருக்கும். அப்போது ஒட்டுதலைத் தடுப்பது, ஆள் உள்ளே போன பிறகு வாசலைப் பூட்டுகிற கதை. டாக்சிசைக்ளினும் ஒட்டியதைப் பிடுங்காது. புதிதாக நச்சு தயாரிக்கும் கிருமியைக் கொல்லும். பேதியின் அளவும் நாட்களும் ஏறக்குறையப் பாதியாவது அதனால்தான்.

செல்லுக்குள் கை வைக்கும் மருந்துகளையும் பார்த்தார்கள். மனநோய்க்குக் கொடுக்கும் குளோர்ப்ரோமசின் சுரப்பைக் குறைத்தது, ஆனால் ஆளைத் தூங்க வைத்தது. தூங்குகிறவர் எப்படி ஓஆர்எஸ் குடிப்பார்? சுரப்பைக் குறைக்கும் இன்னொரு பேதி மருந்தான ராசெகாடோட்ரிலை வங்கதேசத்தில் காலரா வந்த பெரியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் சொல்லும்படி பலன் இல்லை. தென் அமெரிக்க மரப்பாலில் இருந்து எடுக்கும் குரோஃபெலமர் சிஎஃப்டிஆரையே அடைக்கும். அமெரிக்காவில் 2012இல் அனுமதி கிடைத்தது, ஆனால் ஹெச்ஐவி மருந்து சாப்பிடுகிறவர்களின் பேதிக்கு.

ஒரு ஆதங்கம். காலரா கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி எடுத்த, கிருமியே இல்லாத நீர் மட்டும் போதும், பேதி வரும் என்று முயலின் குடலைக் கட்டிக் காட்டி 1959இல் எழுதியவர் கல்கத்தாவின் சம்பு நாத் டே. என் மாணவர்கள் காலரா கிருமியைக் கண்டவர் என்று ராபர்ட் கோக் பெயரைத் தூக்கத்திலும் சொல்வார்கள். இவரைக் கேட்டால் முழிப்பார்கள்.

காரைக்கால் கடைக்காரர்:
நன்றி மேடம். ஒன்று இடிக்கிறது. செல்தான் இப்படி ஆகிவிட்டதே, குடிக்கிற ஓஆர்எஸ் மட்டும் எப்படி உள்ளே ஏறுகிறது?

மைக்ரோ டீச்சர் (ஓய்வு):
அதே சவ்வில் எஸ்ஜிஎல்டி1 என்று இன்னொரு புரதம் இருக்கிறது. சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாக உள்ளே எடுக்கும், தண்ணீரும் கூடவே போகும். நச்சு அதைத் தொடுவதில்லை. சர்க்கரை சேர்ப்பது ருசிக்காக என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

1971இல் வங்கதேச அகதிகள் வந்து குவிந்தபோது, மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. அங்கிருந்த டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்மில் வைத்து, உறவினர்களையே புகட்டச் சொன்னார். 30 சதவீதம் அளவில் இருந்த இறப்பு 3.6க்கு இறங்கியது. எனக்குத் தெரிந்து நச்சுக்கு எதிராக இதைவிடப் பெரிய மருந்து இல்லை, இத்தனைக்கும் அது நச்சைத் தொடுவதே இல்லை.

2002இலிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு லிட்டருக்கு சோடியம் 75, குளுக்கோஸ் 75 மில்லிமோல். அட்டைப் பெட்டி ஜூஸில் சர்க்கரை எக்கச்சக்கம், அது தண்ணீரை மறுபடி குடலுக்குள் இழுக்கும்.

பயணி:
டூகோரல் என்ற சொட்டு... மன்னிக்க, குடிக்கிற தடுப்பு மருந்தில் அந்த பி துண்டையே சேர்த்திருக்கிறார்களே?

மைக்ரோ டீச்சர் (ஓய்வு):
ஆமாம். முன்கூட்டியே ஆன்டிபாடி இருந்தால் நச்சு ஜிஎம்1 பக்கமே போக முடியாது. இந்தியாவில் வந்த ஷாங்கால் என்ற தடுப்பு மருந்து வேறு வகை, அதில் கொன்ற கிருமி மட்டும்தான்.

வார்டு சிஸ்டர்:
அண்ணா, பாக்கெட் கொடுக்கும்போது பெரியது ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். பெரியதை ஒரு டம்ளரில் கரைத்துக் குடித்துவிட்டு வருகிறவர்கள் நிறைய.