சிறு விபத்துக்குப் பின் மூன்றாம் நாள் வந்த வலி

சிக்னலில் நின்றிருந்த எங்கள் காரைப் பின்னால் வந்த வண்டி மெதுவாகத்தான் இடித்தது. பம்பர் சற்று நெளிந்திருந்ததைத் தவிர வேறு சேதம் இல்லாததால், கைகால்களை உதறிப் பார்த்துவிட்டு, அன்று மாலையே வழக்கம்போல் எட்டு கிலோமீட்டர் ஓடினேன். மறுநாள் கழுத்தின் பின்பக்கம் லேசாக இறுகியபோது, முந்தைய வாரம் கூட்டிய பளுப்பயிற்சியைத்தான் குறை சொன்னேன். மூன்றாம் நாள் காலையில் பல் துலக்கக் குனிந்தவனால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

என்னை ஏமாற்றியது காலக்கணக்குதான். பழக்கமில்லாத பயிற்சிக்குப் பின் வரும் சதைவலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தை எட்டும் என்பது ஓடுகிறவர்கள் அனைவரும் உடம்பால் அறிந்த செய்தி. பின்னாலிருந்து இடிபட்டுத் தலை முன்னும் பின்னும் வெட்டி இழுக்கப்படுவதால் உண்டாகும் கழுத்துக் காயமும் பல வேளைகளில் உடனே தெரியாமல், சில மணி நேரமோ சில நாளோ கழித்துத்தான் வெளிப்படுகிறது. இடித்த கணத்தில் சுரக்கும் அட்ரினலின் வலியை அமுக்கிவைக்க, அது வடிந்து வீக்கம் கூடிய பிறகே நமக்கு உறைக்கிறது. வலியைப் பொறுத்துப் பழகியது அன்று எனக்கு எதிராகவே வேலை செய்தது. இப்போது யோசித்தால் வேறுபாடு தெளிவாகவே இருந்தது: பயிற்சி வலி இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும், உடல் சூடானதும் தளரும், இது இடப்பக்கம் மட்டும் பிடித்தது, ஓட ஓடக் கூடியது.

மருத்துவர் கைகளில் மரத்துப்போதல் உண்டா என்று கேட்டார். பிறகு தலையை இருபுறமும் 45 பாகை திருப்பச் சொன்னார். எக்ஸ்ரே தேவையா என்று முடிவு செய்ய 2001இல் கனடாவில் வகுக்கப்பட்ட விதியில் இந்தக் கேள்விகள் இருக்கின்றன என்றும், வலி உடனே தொடங்காமல் தாமதித்து வந்ததை அவ்விதி ஆபத்துக் குறைந்த அறிகுறியாகவே கொள்கிறது என்றும் அவர் சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது. இடப்புறம் திருப்ப முடியாததால் படம் எடுத்தார்கள், எலும்பில் பழுதில்லை. கழுத்துப்பட்டை கேட்டேன், தரவில்லை. மெல்ல அசைத்துக்கொண்டே இருப்பதுதான் மருந்து என்றார். இறக்கத்தில் ஓடும்போது தலை குலுங்கி வலிப்பது நிற்க ஆறு வாரம் ஆயிற்று.

* * *

மேலே எழுதியவருக்கு நேர்ந்ததற்கு நேர்மாறானது என் கதை. முதல் நாளே படம் எடுத்தும் ஏமாந்தேன். நின்றிருந்த காரின் கதவு திடீரெனத் திறந்ததில் பைக்கிலிருந்து சரிந்து, உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாததால் மணிக்கட்டில் டேப் சுற்றி, வலிநிவாரணி விழுங்கிவிட்டுப் பூப்பந்து ஆடினேன். மட்டையை இறுக்கிப் பிடிக்கும்போதெல்லாம் கட்டைவிரலின் அடியில் இருக்கும் சிறு குழியில் மட்டும் சுருக்கென்று குத்தியது. இரண்டு வாரம் கழித்து எடுத்த இரண்டாவது படத்தில், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் ஸ்கேபாய்ட் என்ற சிறு எலும்பில் விரிசல் தெரிந்தது. அந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையில் நுழைந்து பின்னோக்கிப் பாய்வதால், முன்கைப் பக்கத்து முனையில் உடைந்தால் கூடுவது மிகவும் தாமதமாகும், சில வேளைகளில் அப்பகுதி பட்டுப்போவதும் உண்டு. அந்தக் குழியில் வலி இருந்தால், முதல் படம் சுத்தமாக இருந்தாலும் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாளில் மறுபடி பார்ப்பது வழக்கமாம். முதல் நாள் நான் 'கை முழுக்க வலிக்கிறது' என்று பொதுவாகச் சொன்னேனே தவிர, இடத்தைச் சுட்டிக் காட்டவில்லை.

* * *

நான் கால்பந்துப் பயிற்சியாளர். வரும் வழியில் மிதிவண்டியோடு சாய்ந்த ஒரு மாணவி, தலையில் அடிபடவே இல்லை என்று உறுதியாகச் சொல்லி ஆடினாள். மறுநாள் வெளிச்சம் கூசுகிறது என்றாள், எளிய பந்தையும் தவறவிட்டாள். தலை எதிலும் மோதாமல், உடல் குலுங்கிய வேகத்திலேயே மூளையதிர்ச்சி ஏற்படலாம் என்பதையும், அறிகுறிகள் மணிக்கணக்கிலோ ஒன்றிரண்டு நாளிலோ தாமதிக்கலாம் என்பதையும் அன்றுதான் நேரில் கண்டேன். ஆட்டத்துக்குத் திரும்ப ஆறு படிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 24 மணி நேரம். மூன்றாம் படியில் தலைவலி திரும்பியதால் அவளை ஒரு படி கீழே இறக்கினேன். முழு ஆட்டத்துக்கு மருத்துவர் ஒப்புதல் தருவதற்குள் அவள் என்னோடு பேசுவதையே நிறுத்தியிருந்தாள்.